டைட்டில் பிளாக்கில் இரண்டெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் மறைந்த தமிழர்களைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளை நம் நாளிதழ்கள் வெளியிட்டு வருகின்றன. அவற்றில் ஒருவகை, ஓர் ஆர்க்கிடெக்டும் ஓர் ஆவணக் காப்பாளருமான எங்கள் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையது. சென்னையிலோ பம்பாயிலோ ஆர்க்கிடெக்சர் படித்து, அமெரிக்கா போய், அங்கேயே நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்து மறைந்தவரைப் பற்றிய குறிப்பு அது. "கட்டடக் கலைஞர், குடும்பத்தின்மேல் அளவற்ற பாசம் கொண்டவர், கவிதைகள் எழுதியவர்" என்று ஒரே வரியில் அது முடிந்துவிடும். எந்தக் கட்டடம் என்றோ எந்தக் கவிதை என்றோ அதில் இருக்காது. கேட்டால் பிள்ளைகளுக்கும் சொல்லத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய சான்றுகள் அந்த வீட்டு கராஜிலேயே சுருட்டிக் கிடந்திருக்கும். வீட்டைக் காலி செய்கிற சில வாரங்களில் அவை குப்பைக்குப் போய்விடும். அவற்றை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் காப்பது என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கட்டடமும் கவிதையும் ஒரே ஆளிடம் இருப்பதை வியப்பாக எழுதுவதை முதலில் விட்டுவிடலாம். கயிறு கட்டித் திசை பார்த்து அரண்மனைக்கு மனை வகுத்தவரை நெடுநல்வாடை 'நூலறி புலவர்' என்றே அழைக்கிறது. நம் மொழிக்கு அது பழகிய சேர்க்கை.

அடுத்து, 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல். 1965 அக்டோபர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு மூன்றாம் முன்னுரிமையில் இடம் கொடுத்தது. எவையெல்லாம் அத்தகைய தொழில்கள் என்று சட்டமே பெயர் சொல்லிச் செல்கிறது. அந்த வரிசையில் ஆர்க்கிடெக்ட்தான் முதல். பொறியாளரும் வழக்கறிஞரும் மருத்துவரும் அதற்குப் பிறகே வருகிறார்கள். அந்தப் பெயரில் விசா வாங்கி இறங்கியவருக்கு, இறங்கிய ஊரில் அதே பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை இல்லை. அங்கே மாநில உரிமம் இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம்.

உரிமம் வாங்குவது எளிதல்ல. இன்றைய கணக்குப்படி 3,740 மணி நேரப் பணி அனுபவத்தை ஆறு பிரிவுகளில் பதிவு செய்து காட்ட வேண்டும். அதில் 1,520 மணி நேரம், கட்டுமான வரைபடங்களும் விவரக்குறிப்புகளும் தயாரிக்கும் ஒரே பிரிவுக்கு. பிறகு ஆறு தேர்வுகள். 1997-ல் தேர்வு கணினிக்கு மாறுவதற்கு முன், கட்டட வடிவமைப்புத் தாளை மட்டும் 12 மணி நேரம் ஒரே அமர்வில் கையால் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியப் பட்டத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு. நம் ஐந்தாண்டுப் படிப்பு முழுக்க முழுக்கத் தொழில் பாடமாக இருப்பதால், ஆங்கிலக் கட்டுரை, மானுடவியல், இலக்கியம் போன்ற பொதுப் பாடங்களில் குறை வரும். அதை மாலைக் கல்லூரியில் படித்து நிரப்ப வேண்டும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பகல் முழுக்க வரைபலகை, இரவில் கைக்குழந்தை என்று வாழ்ந்த பலர் இதை முடிக்காமலே 'டிசைனர்', 'ஜாப் கேப்டன்' என்ற பதவிகளில் ஓய்வு பெற்றார்கள். அது குறைவான வேலை அல்ல. ஒரு கட்டடத்தின் முழு வரைபடத் தொகுப்பையும் முன்னின்று முடிப்பவர் ஜாப் கேப்டன்தான். குறிப்பு எழுதும்போது எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில் உரிமம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பதவியின் பெயரைச் சொல்லுங்கள். மாநில வாரியங்களின் இணையதளத்தில் பெயரை இட்டுத் தேடலாம். காலாவதியான உரிமங்களும் பல மாநிலங்களில் கிடைக்கும். இந்தியப் பதிவெண்ணைத் தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆர்க்கிடெக்ட் சட்டம் வந்ததே 1972-ல்தான். அதற்கு முன் கப்பலோ விமானமோ ஏறியவருக்கு அந்த எண் இல்லாமலிருப்பது இயல்பு.

இனி அவர் கட்டிய கட்டடத்தைக் கண்டுபிடிப்பது. வரைபடத்தில் முத்திரை குத்துபவர் நிறுவனத்தின் பொறுப்பு ஆர்க்கிடெக்ட். நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். வரைந்தவர் எங்கே இருப்பார் என்றால், தாளின் வலது ஓரத்திலோ கீழ் வலது மூலையிலோ உள்ள டைட்டில் பிளாக் எனும் விவரக் கட்டத்தில், 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்ற இரண்டு சிறு கட்டங்களில் இரண்டெழுத்தாக இருப்பார். நாற்பது ஆண்டு உழைப்புக்குத் தாளில் எஞ்சும் சான்று அந்த இரண்டெழுத்துதான். கட்டம் மாறுவதையும் கவனியுங்கள். 'வரைந்தவர்' கட்டத்தில் இருந்த எழுத்துகள் எந்த ஆண்டில் 'சரிபார்த்தவர்' கட்டத்துக்கு ஏறுகின்றன என்று பார்த்தால், சம்பள உயர்வுக் கடிதம் இல்லாமலே அவர் பதவி உயர்ந்த காலம் தெரியும்.

அந்த இரண்டெழுத்தும் நிலையாக இருக்காது. கந்தசாமி மகன் முருகேசன் ஊரில் 'கே.எம்.'. அமெரிக்கப் படிவம் முதற்பெயர், கடைப்பெயர் என்று கேட்கும்போது முருகேசன் கந்தசாமி ஆகி 'எம்.கே.' ஆவார். அலுவலகத்தில் சுருக்கி 'மைக்' என்று கூப்பிட்டால் அதற்கொரு குறியெழுத்து வரலாம். குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றியிருந்தால் நான்காவது வடிவம். கவிதைக்குப் புனைபெயர் இருந்தால் ஐந்தாவது. பிள்ளைகளின் கடைப்பெயர் சிலருக்குத் தாத்தா பெயராகவும் சிலருக்கு அப்பா பெயராகவும் இருக்கும். எனவே எந்தத் தேடலுக்கும் முன்னால் ஒரு தாளில் பெயரின் எல்லா வடிவங்களையும், எது எந்த ஆண்டு முதல் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் இல்லாததால், ஒருவருடைய வேலை இரண்டு பேருடையதாகப் பதிவாகிவிடும்.

டைட்டில் பிளாக்கில் திட்ட எண், முகவரி, தேதி மூன்றும் இருக்கும். அவற்றைக் கொண்டு நகரக் கட்டடத் துறையில் அனுமதிப் பதிவைக் கேட்கலாம். தாள் எண்ணையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 'ஏ' என்றால் ஆர்க்கிடெக்சர், 'எஸ்' என்றால் கட்டமைப்பு. இன்று பரவலாக உள்ள முறையில் ஏ-1 வரிசை தளப்படம், 2 முகப்பு, 3 வெட்டுத்தோற்றம், 5 நுணுக்கப்படம். பழைய அலுவலகங்கள் சொந்த முறை வைத்திருந்தன. குடும்பங்கள் அழகான முகப்புப் படத்தைச் சட்டமிட எடுத்து வைத்துக்கொண்டு நுணுக்கப்படங்களை எறிந்துவிடுவதுண்டு. இது தலைகீழ். முகப்பை முதலாளி தீர்மானித்திருப்பார். படிக்கட்டின் கைப்பிடி எப்படிச் சுவரில் சேர வேண்டும், கூரை விளிம்பில் தகடு எப்படி மடிய வேண்டும் என்பதை இவர் தீர்மானித்திருப்பார். அவர் ஊரில் கற்றதையும் அங்கே புதிதாகக் கற்றதையும் அந்தத் தாள்களில்தான் அருகருகே பார்க்க முடியும். மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் சுண்ணாம்புத் தளமும் படித்துப் போனவர், சிகாகோவில் அஸ்திவாரத்தை 42 அங்குலத்துக்குக் கீழே இறக்கக் கற்க வேண்டும். மண்ணில் உள்ள நீர் அந்த ஆழம்வரை உறையும். உறைந்தால் விரிந்து கட்டடத்தைத் தூக்கும். நமக்குச் சுவரின் எதிரி வெளியிலிருந்து வரும் மழை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்றே சுவருக்குள் புகுந்து குளிர்ந்து நீராகும். அதனால் ஆவித்தடுப்புத் தாளைச் சுவரின் உட்பக்கம், வெதுவெதுப்பான பக்கத்தில் வைக்க வேண்டும். பக்கம் மாற்றி வைத்தால் மரச்சட்டம் உள்ளுக்குள்ளேயே அழுகும். மில்லிமீட்டரில் வரைந்து பழகியவர், தாளில் கால் அங்குலத்தை ஓர் அடியாகக் கொள்ளும் 1:48 அளவுக்கு மாறியதும் அதே தாள்களில் தெரியும்.

பழைய தாள்களின் பராமரிப்பில்தான் அதிகத் தவறு நடக்கிறது. எல்லாத் தாளும் ஒன்றல்ல. அமோனியா ஆவியில் எடுத்த பிரதியான அமோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டால் வெளிறும். அதிலிருந்து வரும் வாயு பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். பழுப்பு நிற செபியா பிரதி அதைவிட மோசம். இரண்டையும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி உறையில் வையுங்கள். உண்மையான நீலநிற புளூபிரிண்ட் கிடைத்தால், அமிலநீக்கத்துக்காகக் காரம் சேர்த்த உறையில் போடாதீர்கள். காரம் பட்டால் நீலம் மங்கும். பென்சிலால் வரைந்த பாலியெஸ்டர் படலத்தை இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் செருகினால் நிலைமின்சாரம் பென்சில் கோட்டை உரித்தெடுக்கும். இடையில் தாள் வையுங்கள். டைட்டில் பிளாக்கையும் குறிப்புகளையும் ஒட்டும் படலத்தில் அச்சிட்டு ஒட்டும் வழக்கம் பல அலுவலகங்களில் இருந்தது. அந்தப் பசை காலப்போக்கில் கசிந்து பழுப்பேறும், படலம் கழன்று விழும். நாம் தேடும் இரண்டெழுத்து இருப்பதே அதில்தான். ஆகவே சுருளைப் பிரித்ததும் முதல் வேலை, டைட்டில் பிளாக்கை மட்டும் அருகிலிருந்து படமெடுப்பது. கழன்ற துண்டை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். உறையிலிட்டு அந்தத் தாளோடே வையுங்கள்.

இறுகிச் சுருண்ட தாளை வலுக்கட்டாயமாக விரித்தால் மடிப்போரம் கிழியும். சாதாரணத் தாள் என்றால் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடியில் ஈரத்துணி, மேலே தட்டு, தட்டின்மேல் சுருள் என்று சில மணி நேரம் வைத்தால் இளகும். டிரேசிங் தாளுக்கும் மையால் வரைந்ததற்கும் அமோனியா பிரிண்டுக்கும் இதைச் செய்யக் கூடாது. டிரேசிங் தாள் ஈரத்தில் நெளிந்துபோய் மீளாது. அதைப் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள். மறுபடி சுருட்டுவதென்றால் மூன்று நான்கு அங்குல விட்டமுள்ள குழாயின் வெளிப்புறமாகச் சுருட்டி, மேலே ஒரு தாள் சுற்றி, துணி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கை எந்தத் தாளிலிருந்தும் சேதமில்லாமல் எடுக்க முடியாது. பரணும் கராஜும் நிலவறையும் ஆகாத இடங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். தாள்கள் சென்னைக்கு வருவதானால் இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் சேர்த்து யோசியுங்கள்: வெளிச்சுவரை ஒட்டாத இடம், தரையிலிருந்து அரை அடி உயரம்.

ஸ்கேன் செய்ய 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். 24-க்கு 36 அங்குலத் தாள் ஒன்று வண்ணத்தில் ஏறக்குறைய 233 எம்பி வரும். கடைக்காரர் சிறிய ஜேபெக் கோப்பாகக் கொடுத்தால் ஏற்காமல் டிஃப் கோப்பாகக் கேளுங்கள். கவிதை நோட்டுக்கு 400 பிபிஐ. ஏழுக்கு எட்டரை அங்குல நோட்டு 200 பக்கம் என்றால் சுமார் 6 ஜிபி. வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும் விடாமல் எடுங்கள். கணினி வரைபடக் கோப்பு இருந்தால் அதன் துணைக் கோப்புகள், எழுத்துரு, கோட்டுத் தடிமன் அட்டவணை எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் நகலெடுத்து, கூடவே ஒரு பிடிஎஃப் போட்டு வையுங்கள். துணைக் கோப்பு தொலைந்தால் சுவர் இருக்கும், தூண் இருக்காது.

இப்போது கவிதை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளி முடித்து நாட்டை விட்டுப் போனவரின் கையெழுத்தில் ணை, லை, ளை, னை நான்கும் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னாவும் அவற்றோடு வரும் ஒகர ஓகாரமும் சேர்த்து அத்தகைய எழுத்துகள் மொத்தம் 13. இன்றைய பிள்ளைகளுக்கு அவை படிக்க வராது. எழுத்துணரி மென்பொருளும் தடுமாறும். ஓர் அட்டையில் பதின்மூன்றையும் பழைய வடிவம், புதிய வடிவம் என எழுதிக் கொடுத்தால் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலையில் பழகிவிடுவார்.

தட்டச்சு செய்த கவிதைக்கு ஆபத்து வேறு. யுனிகோடு பரவுவதற்கு முன் மயிலை, டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியாக்கங்களில் தமிழ் தட்டச்சானது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் திரையில் நிற்கும். கெட்டுப்போன கோப்பு என்று பேரப்பிள்ளை அழித்துவிடுவார். அழிக்காதீர்கள். ஒரு நகலை எடுத்து, எந்தக் குறியாக்கம் என்று கண்டறிந்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு கொம்பு சரியான மெய்யோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறைகளில் கொம்பு மெய்க்கு முன்னும் யுனிகோடில் பின்னும் சேமிக்கப்படுவதால் கொ, கோ, கை வரிசையில்தான் பிழை வரும். ஔகாரத்தின் பின்பாதி 'ள'வாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரபுக்கவிதையானால் இன்னொரு எச்சரிக்கை. வெண்பாவில் சொற்கள் சீருக்கேற்பப் பிரிந்திருக்கும். பொருள் புரியட்டும் என்று அவற்றைச் சேர்த்தோ சந்தி பிரித்தோ திருத்தினால் தளை தட்டும். நேரிசை வெண்பாவின் இரண்டாமடி இறுதியில் தனிச்சொல்லுக்கு முன் வரும் கோடு அச்சுப்பிழை அல்ல. கடைசி அடி மூன்று சீரோடு குறுகி நிற்பதும் விடுபட்டது அல்ல. படியெடுக்கும்போது உள்ளதை உள்ளபடி எழுதி, புரிவதற்கான வடிவத்தைத் தனித்தாளில் எழுதுங்கள்.

தேதியிலும் ஏமாறுவோம். 3/4/1974 என்பது ஊர் வழக்கில் ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கில் மார்ச் 4. அலுவலகத் தாளில் அமெரிக்க வழக்கும் சொந்த நோட்டில் ஊர் வழக்குமாக ஒரே ஆள் ஒரே வாரத்தில் எழுதியிருக்க முடியும். கிழமை குறித்திருந்தால் அதை வைத்துத் தீர்க்கலாம். இல்லாவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

குடும்பத்தின் மேலிருந்த பாசத்துக்குச் சான்று பெரும்பாலும் கடிதங்களில் இருக்கும். அவற்றில் பாதி ஊரில் இருக்கும். அவர் அனுப்பியவை அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அவருக்கு வந்தவை அமெரிக்காவில். இரண்டையும் தேதிவாரியாகக் கோத்தால்தான் பேச்சு முழுமையாகும். நீலநிற ஏரோகிராமின் மடிப்பு ஓரத்திலும் ஒட்டும் இதழிலும்கூட எழுத்து இருக்கும். அஞ்சல்தலைக்காக வெட்டினால் மறுபக்கத்து வரிகள் போகும். ஊரில் பெற்றோருக்கோ தங்கைக்கோ வீடு கட்டிக் கொடுத்திருந்தால் அதன் வரைபடமும் கடிதத்தோடு போயிருக்கும். முத்திரையோ நிறுவனத்தின் பெயரோ இல்லாமல் முழுக்க அவரே தீர்மானித்த கட்டடம் அது ஒன்றாகவே இருக்கலாம். எங்கள் பார்வையில் அந்த வீட்டின் தளப்படம் எந்த அலுவலகக் கோபுரத்தின் படத்துக்கும் குறைந்ததல்ல. வீடு இடிபடுமுன் அளந்து படமெடுத்து வையுங்கள்.

அவர் உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு கவிதையையும் அவரே இருமுறை வாசிக்கப் பதிவு செய்யுங்கள். முதலில் தலைப்பு, எழுதிய ஆண்டு, ஊர் மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் நாலு வரிக்கு மேல் சொல்லமாட்டார்கள். ஒரு நுணுக்கப்படத்தை முன்னால் விரித்து, "இந்தத் தகட்டை ஏன் இப்படி மடித்தீர்கள்" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

உரிமை பற்றிக் கொஞ்சம். கவிதைகளின் பதிப்புரிமை வாரிசுகளுடையது: இந்தியாவில் மறைவுக்குப் பின் 60 ஆண்டு, அமெரிக்காவில் பொதுவாக 70. சம்பளத்துக்கு வரைந்த வரைபடங்களின் உரிமை பொதுவாக நிறுவனத்துடையது; தாள் உங்கள் கையில் இருந்தாலும் வெளியிட அனுமதி கேட்க வேண்டும். விமான நிலையம், நீதிமன்றம், சிறை போன்றவற்றின் தளப்படத்தை இணையத்தில் ஏற்றவே வேண்டாம். கொடுக்க இடம் தேடுவோருக்கு: 2008-ல் தொடங்கி, இப்போது ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இயங்கும் தெற்காசிய அமெரிக்க எண்ணிம ஆவணகம் மூலப்பிரதிகளை வாங்கி வைத்துக்கொள்வதில்லை; படமெடுத்துத் திருப்பித் தருகிறது. பிரிய மனமில்லாத குடும்பங்களுக்கு அது வசதி. தமிழ் நூல், இதழ் தொகுப்பு பெரிதாக இருந்தால் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம். எதற்கும் போவதற்கு முன் பெட்டிவாரியாக ஒரு பக்கப் பட்டியல் தயாரியுங்கள். பட்டியலில்லாத பெட்டியை எந்த நூலகமும் உடனே திறக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய அஞ்சலிக் குறிப்பு வரும்போது குடும்பத்தாரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்: பெயரின் எல்லா வடிவங்கள், உரிமம் பெற்ற மாநிலமும் ஆண்டும் அல்லது வகித்த பதவி, ஊர்ப்பெயரோடு ஒரு கட்டடம், எழுதிய ஆண்டோடு ஒரு முழுக் கவிதை. பத்தியின் அகலம் போதாமல் கவிதையின் அடியை மடக்க நேர்ந்தால், மடங்கிய பகுதியை உள்தள்ளி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆர்க்கிடெக்ட், ஓர் ஆவணக் காப்பாளர்
சென்னை